குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு

சாம்பல்தீவிலிருந்து போன வருடம் இங்கிலாந்துக்குப் போன தம்பி ஒருவர் நேற்றிரவு ஒரு படம் அனுப்பியிருந்தார். சிவப்பு நிற மஸ்டா எம்எக்ஸ்-5. கூரை திறக்கிற, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய கார். 2008ஆம் ஆண்டு வந்தது, ஓடியது 19,000 மைல்தானாம். "அண்ணை, புதுசு மாதிரிக் கிடக்கு, எடுக்கட்டோ?" என்று கேட்டார். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் 2002 முதல் 2019 வரை அங்கே இருந்து, அம்மாவைப் பார்க்கவென்று திருகோணமலைக்குத் திரும்பி வந்தவன். அதில் ஒன்பது வருடம் இதே வகைக் கார் வைத்திருந்தேன்.

முதலில் ஒன்று. "ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு, பேசாமல் ஒரு கொரோலாவை எடு" என்று நான் சொல்ல மாட்டேன். இரவு வேலை முடித்து, குளிரில் பஸ்ஸுக்கு நின்று சேர்த்த காசில் மனதுக்குப் பிடித்த ஒன்றை வாங்க நினைப்பது தப்பில்லை. ஆனால் அந்தக் காசு வீணாகப் போகக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை இருக்கிறது.

உவர்மலையிலும் உப்புவெளியிலும் வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். யாரும் புழங்கவில்லை, அதனால் தேயவும் இல்லை. ஆனால் பத்து வருடம் கழித்துத் திறந்தால் பிணைச்சல் கறள் பிடித்து இறுகியிருக்கும், குழாயின் வாசர் காய்ந்து தண்ணீர் ஒழுகும், மோட்டார் சுற்றாது. குறைவாக ஓடிய காரும் அப்படித்தான். மீட்டர் ஓடிய தூரத்தை மட்டும் காட்டும், நின்ற காலத்தைக் காட்டாது. ரப்பருக்கும் ஒயிலுக்கும் பற்றரிக்கும் வயது போவது நாட்காட்டிப்படி.

நான் 2010இல் வாங்கியது 2001ஆம் ஆண்டுக் கார். ஒரு வீட்டுக்காரரிடம் நேரடியாக எடுத்தேன். 22,000 மைல் ஓடியிருந்தது, பூச்சு கண்ணாடி போல மின்னியது. டயர்களில் தவாளிப்பு ஆழமாக இருந்ததைப் பார்த்து நல்ல டயர் என்று நம்பினேன். வாங்கி மூன்றாம் வாரம், மழை தூறிய ஒரு காலையில், சுற்றுவட்டத்தில் திரும்பும்போது பின்பக்கம் அப்படியே வழுக்கிப் போய் நடைபாதை விளிம்பில் மோதியது. நல்லவேளையாக அங்கே ஆட்கள் யாரும் நிற்கவில்லை. கராஜில்தான் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்கள். 1001. அதாவது 2001ஆம் ஆண்டின் பத்தாவது வாரம் செய்த டயர். காரோடு வந்த முதல் டயர், ஒன்பது வருடத்தில் கல்லாக இறுகிப் போயிருந்தது. இறுகிய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. இங்கிலாந்துச் சட்டம் தவாளிப்பு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. எட்டு மில்லிமீட்டர் இருந்தாலும் வயது போன டயர் வயது போனதுதான். காரைப் பார்க்கப் போனால் முதல் வேலையாகக் குனிந்து நான்கு சில்லிலும் அந்த இலக்கத்தைப் பாருங்கள். விற்பவர் காரை எப்படிக் கவனித்தார் என்பதும் அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது கறள். துணிக் கூரைக் கார்களில் மழைத்தண்ணீர் வழிந்து போக இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னக் குழாய்கள் உண்டு. மரத்துக்குக் கீழே நின்ற காரில் இலையும் தூசியும் அதை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டித் தகரத்துக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் ஒரு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே கனக்கப் போயிருக்கும். அந்த நாட்டில் பனிக்காலத்தில் வீதியில் உப்புத் தூவுவார்கள், அதுவும் சேர்ந்துகொள்ளும். கடற்காற்றில் சைக்கிள் என்ன பாடு படும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின் சில்லுக்கு முன்னால் இருக்கிற அந்தப் பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள், கீழே படுத்தும் பாருங்கள். உடுப்பு ஊத்தையாகும், பரவாயில்லை.

மைல் கணக்கு உண்மையா என்ற சந்தேகத்துக்கு அங்கே நல்ல மருந்து இருக்கிறது. மூன்று வயது கடந்த காருக்கு ஒவ்வொரு வருடமும் எம்ஓடி சோதனை, அதாவது வீதியில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற சோதனை, செய்ய வேண்டும். கார் இலக்கத்தை அரசாங்கத் தளத்தில் போட்டால் ஒவ்வொரு சோதனையிலும் மீட்டர் எவ்வளவு காட்டியது, எதனால் சோதனையில் தேறவில்லை, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். எண் ஒரு வருடம் கூடி மறுவருடம் குறைந்தால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கலாம், விட்டுவிடுங்கள். ஐந்து வருடம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் கார் தூங்கியிருக்கிறது. 2020இல் மட்டும் ஒரு இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம், கொரோனா நேரம் பல கார்களுக்குச் சோதனையை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள்.

தம்பியின் காருக்கு வருகிறேன். 2005க்குப் பிறகு வந்த எம்எக்ஸ்-5 எஞ்சினில் உள்பாகங்களை ஒரே நேரக்கணக்கில் சுற்ற வைப்பது டைமிங் பெல்ட் என்கிற ரப்பர்ப் பட்டி இல்லை, சங்கிலிதான். பெல்ட் மாற்றுகிற செலவு உங்களுக்கு இல்லை. அதற்கு முந்தியவை பெல்ட்தான். அதை மைல் பார்த்து மட்டும் மாற்றினால் போதாது, வருடமும் பார்க்க வேண்டும். "இருபதாயிரம்தானே ஓடியது, பெல்ட் நல்லாத்தான் இருக்கும்" என்று விற்பவர் சொன்னால், மாற்றுகிற செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒயில் மாற்றிய ரசீதுகள் வருடா வருடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 19,000 மைல் ஓடி ரசீது இல்லாத கார் எனக்கு வேண்டாம், 60,000 மைல் ஓடினாலும் ஒழுங்கான ரசீதுக் கட்டு உள்ள காரைத்தான் எடுப்பேன்.

நிலாவெளித் தங்கச்சி ஒருவர் பழைய போர்ஷ் பொக்ஸ்டர் பற்றிக் கேட்டிருந்தார். அழகான கார். ஆனால் 2008 வரை வந்த எஞ்சின்களில் உள்ளே ஐஎம்எஸ் என்கிற ஒரு பெயரிங் (சுழலும் தண்டைத் தாங்குகிற பாகம்) இருக்கிறது, அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். அதை மாற்றியதற்கு ரசீது இல்லாமல் தொட வேண்டாம். முதல் காராக எடுக்கவே வேண்டாம், தங்கச்சி.

காசு கொடுக்க முன்னம் சில விசயம். எங்கள் இலங்கை லைசன்ஸில் அங்கே குடியேறி 12 மாதம்தான் ஓடலாம். அதை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எடுத்தே ஆக வேண்டும். காரைப் பார்க்கப் போக முன்னமே காப்புறுதி எவ்வளவு வரும் என்று விசாரியுங்கள். புது ஆளுக்கு, அதுவும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, அந்தத் தொகை சில நேரம் காரின் விலைக்குக் கிட்ட வந்து நிற்கும். வி5சி என்கிற கார்ப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பதால் மட்டும் விற்பவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், அந்தப் புத்தகத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. காரில் தவணைக் கடன் மிச்சம் இருக்கிறதா என்று கொஞ்சக் காசு கட்டிப் பார்த்துவிடுங்கள். 2014 ஒக்டோபரிலிருந்து வீதி வரி காரோடு கை மாறாது, ஓட்டிக்கொண்டு வர முன்னம் உங்கள் பெயரில் கட்ட வேண்டும். விற்பனை நிலையத்தில் வாங்கினால் பெரிய பிழை கண்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு, தனியாரிடம் அது இல்லை. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வைப்பது என் கணக்கு.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் தவறக் கூடாது. கிழமைக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் நன்றாகச் சூடேறும்வரை ஓடுங்கள். வாசலில் நிற்பாட்டியபடி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணிவிட்டு நிறுத்துவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது கெடுதல். எரிந்த பெற்றோலின் நீராவி உலராமல் ஒயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுங்கள். பிரேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதையும் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் பற்றரிக்கு மெதுவாக ஏற்றுகிற சார்ஜர் ஒன்று போடுங்கள். இலை உதிர்கிற காலம் முடிந்ததும் கூரைக் குழாய்களைத் துப்புரவாக்குங்கள். பனிக்காலம் முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். 2021 செப்டெம்பரிலிருந்து அங்கே சாதாரணப் பெற்றோல் ஈ10, அதாவது பத்து வீதம் வரை எதனோல் கலந்தது, ஆகிவிட்டது. மிகப் பழைய கார் என்றால் எதனோல் குறைந்த ஈ5 சூப்பர் அடியுங்கள்.

என் கார் நான் வரும்போது விற்றுவிட்டுத்தான் வந்தேன். வேல்ஸ் மலைப்பாதையில் கூரை திறந்து போன நாட்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. நிலாவெளி வீதியில் போகும்போது இப்போதும் அதன் ஞாபகம் வரும்.

தம்பி, சனிக்கிழமை பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். நான்கு டயரின் இலக்கம், கதவுக்குக் கீழ்ப் பகுதி, ஒயில் மூடியின் உள்பக்கம், இவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறபோது முதல் ஸ்டார்ட்டை நீங்களே போட்டு அந்தச் சத்தத்தையும் பதிந்து அனுப்புங்கள். காசு கொடுக்க முன்னம் எனக்கு ஒரு கோல் எடுங்கள். இங்கே எத்தனை மணியானாலும் பரவாயில்லை.