"ஸ்கில்" என்பதற்குத் திறனேடு: கிளிநொச்சியிலிருந்து ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

நிரல் எழுதும் ஏஐ உதவியாளர்களுக்கு நாம் தயாரித்துக் கொடுக்கும் "ஸ்கில்" என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் உரையாடலில் இதுவரை திறன், தேர்ச்சி, செயற்கூறு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நாலாவதாக ஒன்றை வைக்கிறேன்: திறனேடு.

முதலில் பொருளைப் பார்ப்போம். அது ஒரு கோப்புறை. உள்ளே ஸ்கில்.எம்டி என்ற கோப்பு. அதன் தலையில் பெயரும் விளக்கமும் இருக்கும். பெயருக்கு 64 எழுத்து, விளக்கத்துக்கு 1024 என்பது எல்லை. கீழே வேலை செய்யும் முறை. தேவையென்றால் பக்கத்தில் ஓரிரு நிரல்கள். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 ஒக்டோபரில் இதை அறிமுகப்படுத்தி, டிசெம்பரில் திறந்த தரமாக வெளியிட்டது. உதவியாளர் தொடக்கத்தில் எல்லாவற்றின் பெயரையும் விளக்கத்தையும் மட்டுமே வாசித்து வைத்திருக்கும். வந்த வேலைக்கு ஒன்று பொருந்தினால்தான் அதைத் திறந்து உள்ளே போகும்.

இனி "திறன்". சென்னையிலிருந்து எழுதிய அண்ணா இதுவே போதும் என்றார். எனக்குப் போதவில்லை. திறன் என்பது ஆளோடு ஒட்டியது. "அவளுக்கு அந்தத் திறன் இருக்கிறது" என்போம். அதைப் பிரதி எடுக்கவோ, அழிக்கவோ, மின்னஞ்சலில் அனுப்பவோ முடியாது. நாமோ நாள் முழுக்க அவற்றைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். "பழைய திறனை அழித்துவிட்டேன்" என்று என்னோடு வேலை செய்யும் தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். கணக்கின் அனுமதியை எடுத்துவிட்டேன் என்று நினைத்து அவன் பதறிப்போய் அழைத்தான்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் திறன் என்றால் பவர். எங்கள் பௌதிகவியலில் அது வலு. வினைத்திறன் என்றால் இங்கே எஃபிஷியன்சி. தேர்ச்சி என்ற சொல்லை எங்கள் பாடத்திட்டங்கள் காம்பிடன்சி என்பதற்கு ஏற்கெனவே எடுத்துவிட்டன. செயற்கூறு எந்த நிரல்துண்டுக்கும் பொருந்தும்; அதில் எழுத்து இல்லை, கற்றுக்கொடுத்தல் இல்லை.

ஏடு என்ற சொல் எனக்கு வீட்டிலிருந்து வந்தது. என் அம்மப்பா விஷகடிப் பரிகாரி, அதாவது நாட்டு வைத்தியர். அவரிடம் ஒரு ஏட்டுக்கட்டு இருந்தது. யாராவது கடிபட்டு வந்தால் கட்டு முழுவதையும் அவர் வாசித்ததில்லை. ஏட்டின் ஓரத்தில் இருக்கும் பெயரைப் பார்ப்பார், அதை மட்டும் நூலோடு தள்ளி விரிப்பார். 2009 இடப்பெயர்வில் அந்தக் கட்டு தொலைந்தது. வேறொரு பரிகாரியார் முன்னமே எழுதிக்கொண்டு போயிருந்த சில ஏடுகள் மட்டும் மிஞ்சின. அவற்றை வைத்து அந்தப் பரிகாரியாரின் மகன் இன்றைக்கும் மருந்து கட்டுகிறார். அம்மப்பாவின் திறன் அவரோடு போனது. கைமாறியது ஏடு. நாம் பெயர் தேடுவதும் கைமாறுகிற பொருளுக்குத்தான்.

ஒரு ஏட்டில் ஒரு வேலை என்பதையும் இந்தச் சொல் சொல்லாமல் சொல்கிறது. அந்தப் பாடத்தை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். எங்கள் சிறு குழு, முகில் (கிளவுட்) வேலைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டிருந்தது: சேவையகம் எழுப்புவது, அதன் அளவை மாற்றுவது, தரவுத்தளம், காப்புப்படி (பேக்கப்), செலவுக் கணக்கு. 900 வரி. உடல்பகுதி 500 வரிக்குள் இருப்பது நல்லது என்ற பரிந்துரையைக் கவனித்தும் விட்டுவிட்டோம். விளக்கத்தில் "முகில் தொடர்பான வேலைகளுக்கு உதவும்" என்று ஒரே வரி. ஒருநாள் காப்புப்படி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னபோது, உதவியாளர் அளவு மாற்றும் பகுதியிலிருந்து ஒரு படியையும் சேர்த்து எடுத்து, நடுப்பகலில் சேவையகத்தை மறுதொடக்கம் செய்துவிட்டது. நெல் ஆலை ஒன்றின் பற்றுச்சீட்டு வேலை இருபது நிமிடம் நின்றது, வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நின்றன.

அன்றிரவே வேலைக்கு ஒன்றாகப் பிரித்தோம். காப்புப்படிக்கான விளக்கம் இப்போது இப்படி இருக்கிறது: "தரவுத்தளக் காப்புப்படி எடுக்க, சரிபார்க்க, மீட்க. காப்புப்படி பழையதா, திறக்கிறதா என்று கேட்டாலும் இதையே பயன்படுத்து. சேவையகத்தை நிறுத்தவோ மாற்றவோ இதில் வழி இல்லை." எதற்கு, எப்போது, எதற்கு இல்லை என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. எழுத அதிக நேரம் எடுத்தது இந்த மூன்று வரிக்குத்தான். ஆனால் விளக்கம் வேலியாகாது என்பதும் உண்மை. அதனால் முகில் கணக்கிலும் அந்த வேலைக்கு மறுதொடக்க அனுமதியை எடுத்துவிட்டோம்.

முதலில் பெயரும் விளக்கமும், பிறகு தேவையானது மட்டும் என்று உதவியாளர் படிப்படியாக உள்ளே போகும் இந்த முறைக்குப் படித்திறப்பு என்று வைக்கலாம். இங்கே இரணைமடுக் குளத்தை நம்பிச் சிறுபோகம் (வறண்ட பருவ நெற்செய்கை) செய்பவர்களுக்கு இது விளங்கும். குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். எல்லா வாய்க்காலையும் ஒரே நாளில் திறந்தால் எந்த வயலும் விளையாது. உதவியாளர் ஒரு நேரத்தில் மனதில் வைத்திருக்கக்கூடிய சொற்களுக்கும் அப்படி ஓர் அளவு உண்டு.

ஏடு என்றால் வெறும் எழுத்து, நிரல்களை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். பதிவேட்டில் ஒட்டிய பற்றுச்சீட்டும் பதிவேட்டைச் சேர்ந்ததுதானே. கையேடு ஏன் ஆகாது என்றும் கேட்கலாம். கையேடு முழுத் தொழிலுக்கும் பொதுவானது. ஒரு சேவையின் ஆவணத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். திறனேடு எழுது, திறனேட்டைச் சேர், நீக்கு, திறனேட்டின் விளக்கம், திறனேட்டுத் தொகுப்பு. எதுவும் நாவில் இடறவில்லை. இந்த வாரம் நீங்கள் எழுதும் குறிப்புகளில் ஓரிடத்தில் போட்டுப் பாருங்கள். இடறினால் இடறிய வாக்கியத்தை அப்படியே இங்கே அனுப்புங்கள், அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து