புதுப்பிப்பு: காற்றில் சுழன்ற 12 அடி படகு இப்போது நிற்கிறது

படகின் பின்பலகையில் ட்ரோலிங் மோட்டார் (படகை மெல்ல நகர்த்தும் சிறு மின்மோட்டார்) போட்டால், கனடாவின் சிம்கோ ஏரிக் காற்றில் முன்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது “பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டு” என்ற யோசனைதான். முன்பக்கம் கொடிபோல் பின்னால் தொங்குகிறது, சுழல்வதில்லை. ஆனால் அப்படிப் போக மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டினால் இழுவை குறைவு. ஏனென்றால், நீரைத் தள்ளும் விசிறியின் வளைவு முன்னோக்கி ஓடுவதற்கானது. மோட்டாரின் கழுத்துத் திருகைக் கழற்றி, கைப்பிடியுள்ள தலையை 180 பாகை திருப்பிப் பூட்டியதும் சரியானது; இப்போது முன்னோக்கி ஓட்டும்போதே படகு பின்பக்கமாகப் போகிறது. விசிறி நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றை விழுங்கி இரைகிறது.

எதிர்பாராதது: அலை பின்பலகைக்கு மேல் அடித்தது. பின்பக்க எடை குறைய பேட்டரியை முன்னால் நகர்த்தினேன். கேபிள் நீண்டதால் தடித்த 6 கேஜ் கம்பி போட்டேன், கூடவே மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் 60 ஆம்ப் பிரேக்கரும். பெரிய அலையில் இந்த முறை வேண்டவே வேண்டாம்.