பிரவுசர் தரும் பொருளுக்கு ஆப்பரேட்டர் தனி விதி வைக்கலாமா?

கல்லடிக்காரன்:
டாக்குமெண்ட்.ஆல் என்பது பக்கத்தில உள்ள எல்லா உறுப்பையும் பட்டியலாத் தரும், பிரவுசர் கொண்டுவரும் பழைய பொருள். அதன் வகையை டைப்ஆஃப் ஆப்பரேட்டரால கேட்டால் "அன்டிஃபைன்ட்" (வரையறுக்கப்படாதது) வருது. ஆனா பொருள் இருக்கு. லெங்த் கேட்டா எண்ணும் வருது. தளர்வான சமன் == ஆல நல் (வெறுமை) ஓட ஒப்பிட்டா ட்ரூ, கண்டிப்பான === ஆல ஒப்பிட்டா ஃபால்ஸ். ஜாவாஸ்கிரிப்டில நாம எழுதுற எந்தப் பொருளும் இப்படி நடக்காது. ஆப்பரேட்டர் மொழிக்குச் சொந்தம். பிரவுசர் எதைக் கொண்டுவந்தாலும் விதி ஒன்றாத்தான் இருக்கணும்.

கல்முனை நானா:
தம்பி, காரணத்தையும் சேர்த்துப் பாருங்க. பழைய பக்கங்கள் இஃப்-க்குள்ள டாக்குமெண்ட்.ஆல் வைத்துத்தான் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் (ஐஈ) பிரவுசரைக் கண்டுபிடிச்சது. ட்ரூ வந்தா அட்டாச்ஈவென்ட் என்ற ஐஈ-யின் பழைய மெதடுப் பக்கம் போய், இன்றைய பிரவுசரில் உடையும். வேறு சில பக்கங்கள் சோதிக்காமலே அதை நேரா எடுத்தாண்டது, அதனால தூக்கவும் ஏலாது. இரண்டு வகையும் ஓடணும் என்றா, பொருளை வைத்துக்கொண்டே சோதனையில இல்லாதது மாதிரிக் காட்டுற இதுதான் வழி. ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில பழைய பிரவுசர் வழக்கங்களுக்கான இணைப்பு பி-யிலேயே எழுதி, வேறெந்தப் பொருளுக்கும் இதைச் செய்யக்கூடாது என்றும் கட்டிவைச்சிருக்கு.

கல்லடிக்காரன்:
கட்டிவைச்சும் கசியுது நானா. இடப்பக்கம் நல் அல்லது அன்டிஃபைன்ட் என்றா மட்டும் வலப்பக்கத்தை எடுக்கிற ?? ஆப்பரேட்டருக்கு அது முழுப் பொருள்; == நல்-க்கு அது இல்லாத பொருள். அதனால == நல் சோதனையை ?? ஆக மாற்றினா அர்த்தமே மாறுது. புது ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பிரவுசருக்கு மாற்றுற கருவியான பாபேல், ?? ஐப் பழைய வடிவத்துக்கு இறக்கும்போது நல், வாய்ட் 0 (அதாவது அன்டிஃபைன்ட்) என்று இரண்டு மூன்று-சமன் சோதனை போடுறது இந்த ஒரு பொருளுக்காகத்தான். உலகத்தில எத்தனை கோப்பு இதுக்காக நீளுது!

ஏறாவூர் வெப்:
முன்பு இதைவிட மோசம். இ.எஸ் 3 (ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் மூன்றாம் பதிப்பு) காலத்தில ஹோஸ்ட் பொருளுக்கு, அதாவது பிரவுசர் தரும் பொருளுக்கு, டைப்ஆஃப் என்ன சொல்லணும் என்பது பிரவுசரின் விருப்பம். ஐஈ 8-ல டாக்குமெண்ட்.கெட்எலிமெண்ட்பைஐடி-க்கு "ஆப்ஜெக்ட்" வரும், "ஃபங்ஷன்" வராது. ஐஈ-யின் துணைக் கூறுகளான ஆக்டிவ்எக்ஸின் சில மெதடுக்கு "அன்னோன்". இப்போ அழைக்க முடிஞ்சா ஃபங்ஷன், இல்லாட்டி ஆப்ஜெக்ட். டாக்குமெண்ட்.ஆல் என்ற விலக்கு ஒன்றுதான் மிச்சம்.

இன்றைக்குக் கணக்குப் பிழைக்கிறது வேறு இடத்தில. நெல் மூட்டை எண்ணிக்கையை, பிரவுசரில தரவைச் சேமிக்கும் பொருளான லோக்கல்ஸ்டோரேஜில, லோக்கல்ஸ்டோரேஜ்.மூட்டை = 5 என்று வைத்து += 1 போட்டா "51" வரும். + இல பிழை இல்ல. அந்தப் பொருள் எதையும் ஸ்ட்ரிங்காத்தான் (எழுத்துத் தொடராத்தான்) வைக்கும். எடுக்கும்போதே நம்பர்() போட்டு எடுங்க. அதே மாதிரி ஐஃப்ரேமில (பக்கத்துக்குள்ள பதிச்ச வேறு பக்கத்தில) இருந்து வந்த எர்ரேக்கு (பட்டியலுக்கு) இன்ஸ்டன்ஸ்ஆஃப் எர்ரே ஃபால்ஸ் சொல்லும், ஐஃப்ரேமுக்கு என்று எர்ரே வகை தனியா இருக்கிறதால. எர்ரே.இஸ்எர்ரே பாவிங்க.

கல்லடிக்காரன்:
அதுதான் சரியான முறை. பொருள் தன் குணத்தைக் காட்டட்டும், ஆப்பரேட்டர் விதியை மாற்றவேணாம்.

கல்முனை நானா:
புதுசுக்கு நானும் அதையேதான் சொல்றன். பழைய பக்கத்தை உடைச்சு விதியை நேராக்கிறதுக்கு மட்டும் சம்மதிக்கமாட்டன்.