கையில காசில்லாதவன்கிட்டயும் கோர்ட் சார்ஜ்: தூக்கினது சரியா?

கோவை செந்தில்:
இங்கிலாந்துல 2015 ஏப்ரல்ல ஒரு சட்டம் வந்துச்சு, குற்றவாளின்னு முடிவானவங்க ஃபைன் போக கோர்ட் நடத்துற செலவுக்குன்னு தனியா ஒரு சார்ஜ் கட்டணும், 150 பவுண்டுல ஆரம்பிச்சு 1,200 வரைக்கும். அப்ப நீதி அமைச்சரா இருந்த கிறிஸ் கிரேலிங் கொண்டு வந்தாரு, அந்த வருஷம் முடியறதுக்குள்ள அவருக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்த மைக்கேல் கோவ் தூக்கிட்டாரு (ரெண்டு பேரும் ஒரே கட்சி, அது தனி காமெடி). என்னைக் கேட்டா தூக்கினதுதான் தப்பு. திருடினவன் கேஸுக்கு ஒழுங்கா டாக்ஸ் கட்டுறவன் ஏன் அழணும்?

நல்லூரான்:
தம்பி, அந்தச் சார்ஜைக் குறைக்க நீதவானுக்கு உரிமையே இல்லை எண்டது தெரியுமோ? முன்னால நிக்கிறவர் றோட்டில படுக்கிற ஆள் எண்டாலும் 150 பவுண்ஸ் எழுதித்தான் ஆகோணும். 75 பென்ஸ் சொக்லேற் களவெடுத்த ஒரு பொம்பிளைக்கு, நாள்கணக்கா சாப்பிடேல்லை எண்டு சொன்னவ, எல்லாம் சேத்து 300க்கு மேல வந்து பேப்பரெல்லாம் நாறினது.

கோவை செந்தில்:
அண்ணே எப்பப் பாத்தாலும் அந்த சாக்லேட் கதைதானா. உடனே எடுத்து வைன்னு யாரும் சொல்லல, தவணை உண்டு, முடிஞ்ச வரைக்கும் கட்டிட்டு ரெண்டு வருஷம் வேற கேஸ்ல மாட்டாம இருந்தா மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணவும் அந்தச் சட்டத்துலயே வழி இருந்துச்சு.

மதுரை வக்கீல்:
தவணையை விடுங்க சார், ரேட்டைப் பாருங்க. மஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல சின்ன கேஸ், குத்தத்தை ஒத்துக்கிட்டா 150, நடத்தித் தோத்தா 520. கொஞ்சம் பெரிய கேஸ்னா ஒத்துக்கிட்டா 180, தோத்தா 1,000. இதுக்குப் பேரு செலவு வசூலா, வாயை மூடிட்டு ஒத்துக்கோங்கற மிரட்டலா?

கோவை செந்தில்:
சீக்கிரம் ஒத்துக்கிட்டா தண்டனையில மூணுல ஒரு பங்கு குறைக்கிறது அங்க எப்பவும் இருக்கே வக்கீல் சார், அதையும் மிரட்டல்னுவீங்களா?

மதுரை வக்கீல்:
அங்க குறையறது மூணுல ஒண்ணு, இங்க தோத்தா மூணு மடங்குக்கு மேல ஏறுது, வித்தியாசம் இல்லையா? அதுவும் ஜட்ஜ் கைல கணக்கே இல்ல, கோடீஸ்வரனுக்கும் அதே ரேட்டு.

நல்லூரான்:
நான் அப்ப கோர்ட்டுகளுக்கு மொழிபெயர்க்கப் போறனான். ஆள் ஆர், எந்த இடம் எண்டு சொல்லமாட்டன். வழக்கை நடத்தத்தான் போறன் எண்டு வந்த ஒரு பெடியன், ரெஸ்ரோரண்ட் குசினியில வேலை, இந்த ரேட்டைச் சொன்னவுடன "அண்ணை, தோத்தா எவ்வளவு எண்டு திருப்பிச் சொல்லுங்கோ" எண்டான். சொன்னன். ஃபோனில தட்டிப் பாத்தான். "சரி, ஒத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லுங்கோ." எனக்கு அறிவுரை சொல்ல உரிமை இல்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்லுறதுதான் வேலை, சின்ன வழக்கெண்டபடியா அவனுக்கு லோயரும் இல்லை.

சும்மா வாசகி:
ஒரு டவுட், அந்த மஜிஸ்ட்ரேட்டுங்க என்ன பண்ணாங்க, சும்மாவா இருந்தாங்க?

மதுரை வக்கீல்:
அங்க மஜிஸ்ட்ரேட்டுங்க சம்பளம் வாங்காத சாதாரண ஜனங்கதான். ஐம்பது பேருக்கு மேல ராஜினாமா பண்ணிட்டாங்க. சிலர் ப்ராசிக்யூஷன் செலவை (கேஸ் போட்ட அரசுத் தரப்புக்குக் குற்றவாளி கட்ட வேண்டிய பணம்) குறைச்சுப் போட்டு ஈடு கட்டினாங்க, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு வரவேண்டிய அரசாங்கப் பணம் இன்னொரு பாக்கெட்டுக்கு. இதுல டாக்ஸ் கட்டுறவனுக்கு என்ன மிச்சம் செந்தில் சார்?

கோவை செந்தில்:
அப்ப வருமானம் பாத்து வாங்குற மாதிரி மாத்தியிருக்கணும், மொத்தமா ஏன் தூக்கணும்? விக்டிம் சர்சார்ஜ்னு ஒண்ணு, பாதிக்கப்பட்டவங்களுக்கான உதவிக்குன்னு குற்றவாளிகிட்ட வாங்குறது, இன்னும் இருக்கு, ஃபைன்ல 40%, அதுக்கு யாரும் ராஜினாமா பண்ணலயே.

மதுரை வக்கீல்:
அது ஃபைனோட சேந்து ஏறி இறங்கும், ஃபைனே வருமானம் பாத்துதான் போடுறாங்க. நஷ்டஈடும் அதுவும் ரெண்டையும் கட்ட வக்கில்லைன்னா சர்சார்ஜைக் குறைக்கலாம், இல்லாமலும் பண்ணலாம். நீங்க கேக்குற மாத்தம் ஏற்கனவே அதுலதான் இருக்கு.

நல்லூரான்:
இன்னொண்டு. 2015 டிசம்பர் 24இல இருந்துதான் நிப்பாட்டினவங்கள், அதுக்கு முதல் போட்டதெல்லாம் அப்படியே கடன். 23ஆம் திகதி தீர்ப்பு வந்தவன் கட்டோணும், அடுத்த நாள் வந்தவனுக்கு இல்லை.

கோவை செந்தில்:
போட்டது போட்டதுதான் அண்ணே, அதையும் தள்ளுபடி பண்ணிட்டா ஒழுங்கா கட்டி முடிச்சவன் இளிச்சவாயனா?