வாசலை மாற்றப் போகிறோம், கதவிலிருந்து தொடங்கலாமா?

கிழக்குஜன்னல்:

வணக்கம். எங்கள் முன்வாசலில் மூன்று படி, ஏறியதும் இரண்டடி அகலத்தில் ஒரு மேடை, உடனே கிரில் கதவு, அதற்குப் பின்னால் மரக்கதவு. கிரில் வெளிப்பக்கம் திறக்கும். யாராவது பெல் அடித்து நான் கிரிலைத் தள்ளினால், அவர் ஒரு படி பின்னால் இறங்கி வழிவிட வேண்டும். கையில் பையோடு நிற்பவர்கள் தடுமாறுவதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கிறது.

மரக்கதவின் அடிப்பகுதி ஊறி, ஓரம் உரிகிறது. மழைக்காலத்தில் உதைத்தால்தான் மூடும். விளக்கு சன்ஷேடின் வெளி முனையில் இருப்பதால் கதவு லென்ஸில் பார்த்தால் வந்தவரின் முகம் தெரியாது, கறுப்பாக ஓர் உருவம் மட்டும் தெரியும். மாமியாருக்கு மூட்டுவலி, கிரில் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறார்.

வீட்டுக்காரரோ செதுக்கு வேலைப்பாட்டோடு இரட்டைக் கதவு போட வேண்டும் என்று டிசைன் பார்க்கத் தொடங்கிவிட்டார். நிலையின் உள் அகலம் மூன்றரை அடி. கதவை மாற்றினாலே வாசல் எடுப்பாகிவிடும் என்கிறார். சரியா?

உளிக்காரன்:

கதவு செய்வதுதான் என் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன், கதவைக் கடைசியாக மாற்றுங்கள்.

முதலில் அந்த இரட்டைக் கதவு. மூன்றரை அடியை இரண்டாகப் பிரித்தால் ஒரு பலகைக்கு 21 அங்குலம். அதில் ஒன்றை மட்டும் திறந்தால் ஆள் தோளைச் சாய்த்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். பிறகு தினமும் இரண்டையும் திறப்பீர்கள், இரண்டு தாழ்ப்பாளையும் தேடுவீர்கள். உங்கள் நிலைக்கு ஒற்றைக் கதவுதான் அழகு. நிலையை நாலரை அடிக்கு அகலப்படுத்த முடிந்தால் மூன்றடியில் ஒன்று, ஒன்றரை அடியில் ஒன்று என்று சமமில்லாத ஜோடி போடலாம். பெரியதைத் தினமும் திறக்கலாம், சோபா வரும் நாளில் சின்னதையும் திறந்துகொள்ளலாம்.

அடுத்து, ஊறல். கதவைக் கழற்றிப் படுக்க வைத்து அடி விளிம்பைப் பாருங்கள். முகப்பில் பளபளவென்று பாலிஷ் இருக்கும், அடியில் பூச்சே இல்லாத வெறும் மரம் அப்படியே இருக்கும். கதவைத் தொங்கவிட்ட பிறகு பூசினால் பிரஷ் அங்கே போகாது. நெட்டுச் சட்டங்களின் வெட்டுமுகம், அதாவது நாரின் குறுக்கே அறுத்த முனை, தரையைப் பார்த்திருப்பதும் அங்கேதான். மரம் தண்ணீரைப் பக்கவாட்டில் இழுப்பதைவிட வெட்டுமுகத்தில் பல மடங்கு வேகமாக இழுக்கும், நார்கள் ஒவ்வொன்றும் உறிஞ்சுகுழல் மாதிரி. எத்தனை விலை உயர்ந்த தேக்கு வாங்கினாலும் இதில் விதிவிலக்கு கிடையாது. புதுக் கதவைத் தொங்கவிடும் முன்பே மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, பூட்டுக்காக வெட்டிய குழி எல்லாவற்றிலும் சீலர், அதாவது ஈரம் புகாமல் அடைக்கும் பூச்சு, ஏற வேண்டும். மேலே வெயில் தாங்கும் வெளிப்புற பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ்.

ஆனால் தண்ணீர் கதவடிக்கு வருவதே ஏன்? மேடை கதவுப் பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது சன்ஷேடின் அடிப்பக்கமாகவே தண்ணீர் தவழ்ந்து சுவருக்கு வரலாம். அதைச் சரிசெய்யாமல் என்னிடம் புதுக் கதவு கேட்டால் நான் செய்து தருவேன்தான். அதுவும் ஊறும்.

கொத்துக்கரண்டி:

உளிக்காரர் சொன்னது சரி. படிகளின் உயரத்தை அளந்தீர்களா மேடம்? கால் முதல் படியில் கற்றுக்கொண்ட உயரத்தையே அடுத்ததிலும் எதிர்பார்க்கும். ஒரு படி மாறினாலும் தடுக்கும். உயரம் 15 செ.மீ., மிதி (கால் வைக்கும் அகலம்) 30 செ.மீ. என்றால் ஏற இதமாக இருக்கும். இரண்டு உயரமும் ஒரு மிதியும் கூட்டினால் 60 முதல் 63 செ.மீ. வரை வர வேண்டும் என்பது கணக்கு. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளாண்டல் நடையளவை வைத்துச் சொன்னது, இன்றும் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மேடை குறைந்தது நான்கடி வேண்டும். முன்னால் இடமில்லை என்றால் படியைப் பக்கவாட்டில் திருப்புங்கள். மேடையை வெளிப்பக்கம் மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. சாய்த்து, சன்ஷேடு விளிம்புக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் எடுத்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பாலிஷ் கிரானைட் வேண்டவே வேண்டாம். நெருப்பால் சுட்ட சொரசொரப்பு முகம் போடுங்கள்.

படிக்குப் பதில் சாய்தளம் போடலாமா என்று கேட்பார்கள். 45 செ.மீ. உயரத்துக்கு 1க்கு 12 சாய்வில் 5.4 மீட்டர் நீளம் தேவை. இடமில்லை என்றால் குட்டையாகச் செங்குத்தாகப் போட்டு வைப்பதைவிட இரண்டு பக்கமும் 90 செ.மீ. உயரத்தில் கைப்பிடி வைப்பது நல்லது.

மாடிப்படி_மணி:

இடித்துக் கட்ட எல்லோராலும் முடியுமா சார்? வாடகை வீட்டில் நான் விளக்கை மட்டும் இடம் மாற்றினேன். பூட்டு இருக்கும் பக்கத்துச் சுவரில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு. சாவித் துவாரமும் தெரிகிறது, வந்தவர் முகமும் தெரிகிறது. பெல்லையும் வீட்டு எண்ணையும் அதே வெளிச்சத்துக்குள் கொண்டுவந்தேன். பளிச்சென்ற வெள்ளை விளக்கு மட்டும் வேண்டாம், வாசல் மருந்துக்கடை மாதிரி ஆகிவிடும்.

கிழக்குஜன்னல்:

இப்போதுதான் அளந்தேன். 15, 15, 19! மேடைக்கு மட்டும் பிற்பாடு டைல்ஸ் ஒட்டினார்கள், அதுதான் போல. மாமியார் மேல்படியில் மட்டும் ஏன் நிற்கிறார் என்று இப்போது புரிகிறது. வீட்டுக்காரரிடம் டேப்பைக் கொடுத்தேன், அவரே ஒருமுறை அளந்துவிட்டுப் பேசாமல் போனார். கிரிலை ஸ்லைடிங் ஆக்கலாமா?

உளிக்காரன்:

ஆக்கலாம். பக்கச் சுவரில் கிரில் அகலத்துக்கு ஜன்னல் இல்லாமல் காலி இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்டவாளத்தைக் கீழே பதிக்காமல் மேலே தொங்கவிடச் சொல்லுங்கள், கீழே போட்டால் மண் அடைத்துக்கொள்ளும், காலும் இடறும். அடியில் ஆடாமல் இருக்க ஒரு சின்ன வழிகாட்டிக் கட்டை போதும். மேடை வேலை முடிந்து தரை மட்டம் நின்ற பிறகு கிரிலுக்கு அளவு கொடுங்கள். கதவுக்கு அதற்கும் பிறகு.