ஜப்பான் ஏலத்தில் எடுத்த லென்ஸ்: பணத்தை எப்படிச் செலுத்துவது?

கேள்வி (மயிலாப்பூர்): ரிச்சி தெருவில் தேடியும் கிடைக்காத பழைய நிக்கான் கேமரா லென்ஸ் ஒன்றை ஈபே இணைய ஏலத்தில் எடுத்திருக்கிறேன், ஜப்பானிய விற்பனையாளரோ, தம் வங்கிக் கணக்கிற்கு நேரடியாக அனுப்பினால் விலையைக் குறைப்பதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில் (அடையாறு): வேண்டாம் ஐயா. பொருள் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் ஈபேயின் உத்தரவாதம் தளத்தின் வழியாகச் செலுத்திய தொகைக்கு மட்டுமே பொருந்தும். வெளியே போன பணத்தை மீட்பது குதிரைக்கொம்பு. கிரெடிட் கார்டில் செலுத்தினால், பொருள் வராதபோது வங்கியிடம் சார்ஜ்பேக் (செலுத்திய தொகையைத் திரும்பப் பெறுதல்) கோரவும் வழியுண்டு.

பதில் (தாம்பரம்): 2020-க்குப் பின் வழங்கப்பட்ட கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே இயக்க வேண்டும் என்பதால், வங்கிச் செயலியில் அதை இயக்கி, ஏலத்தொகைக்குச் சற்றே மேலாக வரம்பு வைத்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். சுங்கவரி தனி. பெட்டியில் ‘பரிசு’ என்று எழுதித் தருவதாக அவர் சொன்னால் அதற்கும் இணங்காதீர்கள். பரிசுப் பொருட்களுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.