எல்லா வேலையும் ஒரே வாரத்தில்: அனுபவசாலிகள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அலுவலக வேலையை விட்டுவிட்டு, தனியாக டிசைன் வேலைகள் எடுத்துச் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். தொடக்கத்தில் யாரும் கூப்பிடவே இல்லை. இந்த வாரம் லோகோ, இணையதளம், புத்தக அட்டை எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன. எல்லாமே வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

வரைவது எனக்குச் சுமையே இல்லை. கொட்டேஷன், இன்வாய்ஸ், மெயிலுக்குப் பதில் என்று சுற்றியுள்ள வேலைதான் நேரத்தைத் தின்கிறது. அதற்கு யாரும் தனியாகப் பணம் தருவதில்லை.

புத்தக அட்டையைப் பற்றிப் பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். பக்க எண்ணிக்கையும் தாளின் தடிமனும் தெரியாமல் முதுகுப் பகுதியின் அகலத்தைக் கணக்கிட முடியாது என்றதும் புரிந்துகொண்டார். அது அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது.

லோகோ விஷயத்தில்தான் உங்கள் உதவி வேண்டும். இரண்டு திருத்தம் வரை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, பாதித் தொகையை முன்பணமாக வாங்கித்தான் தொடங்கினேன். இப்போது அந்த லோகோ வாடிக்கையாளர் அதே லோகோவை வைத்து விசிட்டிங் கார்டு, பேனர் எல்லாம் செய்து தரச் சொல்கிறார். மிகவும் மரியாதையான மனிதர், அதனால்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இது தனி வேலை, தனிக் கட்டணம் என்பதை உறவு கெடாமல் எப்படி எழுதுவது? நீங்கள் இப்படி அனுப்பிய செய்தி இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

அப்புறம், மீதிப் பணம் வரும்வரை வாட்டர்மார்க் போட்ட படத்தை மட்டும் காட்டி, எஸ்விஜி கோப்பை, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத லோகோ கோப்பை, பிறகு கொடுக்கலாமா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நாளைக் காலை அவருக்குப் பதில் அனுப்ப வேண்டும்.